துடியன் கொண்டுவந்தது

துடியனை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சோமசேகரம்தான். இந்திய இராணுவம் வந்திறங்கிய அடுத்த வருஷம் அது. காங்கேசன்துறைக்கு ஏதோ அலுவலாகப் போனவர், பின்னேரம் சைக்கிள் கரியரில் ஒரு பனையோலைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உரும்பிராய்க்குத் திரும்பினார். பெட்டிக்கு வெளியே இரண்டு காதுகள் தெரிந்தன. ஒன்று நிமிர்ந்து நின்றது, மற்றது மடிந்து கிடந்தது. சீமெந்துத் தொழிற்சாலைக் குவாட்டர்ஸில் யாரோ வளர்த்த அல்சேஷனுக்கும் அந்தத் தெருவில் திரிந்த ஊர்நாய்க்கும் பிறந்த குட்டியாம். நிமிர்ந்த காது தகப்பன் வழி, மடிந்த காது தாய் வழி என்று அவர் விளக்கம் சொல்ல, மனைவி கனகாம்பிகை, சாப்பாடு யார் வழி என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே குட்டியை இறக்கிவிட்டார்.

இறக்கிவிட்டதுதான் தாமதம், அது முற்றத்துக் கோழிகளையெல்லாம் ஒரு மூலைக்குத் துரத்திச் சேர்த்துவிட்டு, அடுத்த வேலை என்ன என்று அவர் முகத்தைப் பார்த்தது.

அன்றோடு அந்த வளவுக்கு நிம்மதி போயிற்று. அந்தப் பிராணிக்கு இருக்கத் தெரியாது. வேலை கொடுத்தால் செய்யும், கொடுக்காவிட்டால் தானே ஒன்றை உண்டாக்கும். வாசலில் ஆளுக்கொரு பக்கமாகக் கழற்றிவிட்ட செருப்புகளை வாயால் கவ்விக் கவ்வி ஒரே இடத்தில் குவிக்கும். வந்த விருந்தாளி போகும்போது தன் செருப்பை அந்தக் குவியலுக்குள் தேட வேண்டும். கனகாம்பிகை கிணற்றடியில் கொஞ்சம் சுணங்கினால், சேலைத் தலைப்பைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வரும். அப்படி இரண்டு சேலை கிழிந்தது. உருவேறின நாய் என்று அயலுக்குள் பேர். துடியன் என்ற பேரைச் சோமசேகரம்தான் வைத்தார்.

அவருக்கு வெங்காயத் தோட்டத்தோடு ஒரு ஆட்டுக் கூட்டமும் இருந்தது. கோப்பாய்ப் பக்கத்துத் தரவை வெளியில்தான் மேய்ச்சல். துடியனுக்கு அவர் இரண்டே இரண்டு சொற்கள் பழக்கினார். "கொண்டு வா" என்றால், எங்கே நின்றாலும் எதைச் சொன்னாரோ அதைக் கொண்டுவந்து சேர்க்கும். நொண்டி ஆடு என்றால் அதன் பின்னால், அதன் நடைக்குத் தன் நடையை அடக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி மெதுவாக வரும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு அவர் "காணும்" என்பார். எங்கள் பக்கத்தில் போதும் என்பதற்கு அதுதான் சொல். அதைக் கேட்டதும் துடியன் நின்ற இடத்திலேயே தொப்பென்று விழுந்து படுக்கும். அந்தச் சொல்லைக் கனகாம்பிகை சொல்லிப் பார்த்தாள், மகள் மீனாம்பிகையும் சொல்லிப் பார்த்தாள். அது படுக்காது. அவர் வாயால் வந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம், வெங்காயம் காயப்போட்டிருந்த ஒரு பின்னேரத்தில், துடியன் தனியாக ஓடிவந்தது.

ஆடுகள் இல்லை, அவரும் இல்லை. நுரை தள்ள வந்து கனகாம்பிகையின் சேலையைப் பிடித்தது. அவள் உதறினாள். திரும்பவும் பிடித்தது. விடிந்ததிலிருந்து முதுகு ஒடிய வேலை செய்தவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மூன்றாவது சேலையும் போகப்போகிறது என்று நினைத்தாள். கழுத்தில் கயிற்றைப் போட்டுப் பலாமரத்தோடு கட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். அது ஊளையிட்டதையும் கேட்டாள். கேட்டுக்கொண்டேதான் வெங்காயம் புரட்டினாள்.

பொழுது சாயும்போது ஆடுகள் தாமாகவே வந்தன. அவர் வரவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு நாயின் பின்னால் ஓடினாள். தரவை ஓரத்தில் இளம்பனைகள் அடர்ந்த வடலிக் கூட்டத்தடியில் சோமசேகரம் கிடந்தார். வலது கால் வீங்கிக் கறுத்திருந்தது. ஒற்றைக் கால் செருப்பு மட்டும் இருந்தது. வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்த மற்றதை எவ்வளவோ பேர் தேடியும் கிடைக்கவில்லை. புடையன் பாம்பு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாலும் மருந்து இருந்திராது, அரசாங்கம் அதைக்கூட இந்தப் பக்கம் வர விடுகிறதா என்று வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். நாயைக் கட்டிவைத்த கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது மன்னித்துவிடுவார்களோ என்று பயந்தாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார்கள். மீன் குழம்பு, முருங்கையிலை வறை, உழுந்து வடை, ஒரு போத்தல் கள்ளு, சுருட்டு. படைத்த பிறகு அதில் ஒரு பங்கை ஓலைப் பெட்டியில் வைத்துத் தெருச் சந்திக்குக் கொண்டுபோக வேண்டும். செத்தவர் அந்தச் சாப்பாட்டின் பின்னால் போய்விடுவார். வைத்தவர் திரும்பிப் பாராமல் வரவேண்டும். அவருடைய தமையன் முத்துக்குமாரு கொண்டுபோய் வைத்துவிட்டு, முறைப்படி திரும்பிப் பாராமல்தான் வந்தார். அதனால் பின்னால் என்ன வந்தது என்று அவர் காணவில்லை.

அவர் கால் கழுவிக்கொண்டு நின்றபோது துடியன் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. வாயில் அந்தப் பெட்டி இருந்தது.

ஒரு பருக்கை சிந்தவில்லை. மீன் துண்டை நக்கக்கூட இல்லை. நேரே வந்து வாசற்படியில் வைத்துவிட்டுக் கனகாம்பிகையைப் பார்த்தது.

எட்டுச் சாப்பாட்டை நாயோ காகமோ தின்பது புதினமில்லை. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்ததை அந்த ஊர் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. முத்துக்குமாருவின் முகம் வெளுத்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்திக்கு ஓடினார். ஆனால் நாயைக் கட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கனகாம்பிகைக்குத் தோன்றியது. அவளுக்குக் கயிற்றைத் தொடக் கை வரவில்லை.

துடியன் அதையும் கொண்டுவந்தது.

இந்தமுறை அது வேகமாக வரவில்லை. பெட்டியை வாயில் வைத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, நின்று நின்று வந்தது. வளவின் மூலையில் இருந்த மண்வீட்டில் மக்டலீன் என்ற மயிலிட்டிப் பெண் இருந்தாள். தொண்ணூறில் இடம்பெயர்ந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவள். அவள்தான் அருகில் வந்து மெல்லச் சொன்னாள்.

"கனகம், உந்த நாய் பெட்டியை மட்டும் கொண்டு வரேல்லை. பார், நொண்டி ஆட்டுக்குப் பின்னாலை வாற மாதிரியெல்லே வருது."

பெட்டியை அடுப்பில் போட்டு எரித்தார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கீரிமலையில் செய்ய முடியவில்லை, அங்கே ஆமி முகாம். வேறொரு கடற்கரையில் ஒப்புக்குச் செய்துவிட்டு வந்த முத்துக்குமாரு, அதனால்தான் தம்பிக்கு அமைதி இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம், அவருக்கு அது ஒரு காரணம். கனகாம்பிகைக்குக் காரணம் பலாமரத்தில் இருந்தது. கயிறு உரசின அடையாளம் பட்டையில் இன்னும் போகவில்லை.

ஒவ்வொரு பின்னேரமும் ஒரே மாதிரி நடந்தது. ஆடுகள் பட்டிக்குள் போகும். அவள் அடைப்பாள். துடியன் படுக்காமல் திரும்பத் தரவைப் பக்கம் போகும். பொழுது பட்டு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான ஊரில் ஜாம் போத்தல் விளக்குகள் ஒன்றொன்றாகக் கண் விழிக்கும் நேரத்தில், படலை திறபடும்.

முதலில் நாயின் நகம் மண்ணில் படுகிற சத்தம்.

நாய்க்கு முன்னால், ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிற சத்தம்.

துடியன் எதன் பின்னாலோ முற்றத்தைக் கடந்து, படியேறி, நடு அறை வாசல் வரைக்கும் வரும். அங்கே நின்று காது இரண்டையும் அறைப் பக்கம் திருப்பிக் காத்துக்கொண்டு நிற்கும். அது "காணும்" என்ற சொல்லுக்காக நிற்கிறது என்று கனகாம்பிகைக்குத் தெரியும். அந்தச் சொல் வரவில்லை. இன்னும் ஏதோ வந்து சேர வேண்டியிருந்தது. அறைக்குள் சுருட்டு வாசமும் ஆட்டு வாசமும், அவற்றுக்கு அடியில் புண் அழுகின வாசமும் எழும்பும். அவள் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு குசினி அடுப்படியிலேயே இருப்பாள். அறையைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் என்ன தெரியும் என்பதைவிட, அவர் என்ன கேட்பார் என்பதுதான் அவளுடைய பயம்.

நாய் இளைத்துக்கொண்டு வந்தது. சாப்பாடு வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழும்பி நடக்கும். அது படுத்ததை அவர் செத்த நாளுக்குப் பிறகு யாரும் காணவில்லை. வேலை முடியாத நாய் எப்படிப் படுக்கும். அவளுக்கு அதன்மேல் இரக்கமும் வந்தது, வெறுப்பும் வந்தது. எது கூடுதல் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மெல்ல மெல்ல அது அவளுடைய சேலையைப் பிடிக்கத் தொடங்கியது. அன்று போலவே, அதே தலைப்பை, அதே திசைக்கு. அவள் ஒவ்வொரு நாளும் உதறிவிட்டு உள்ளே ஓடிக் கதவைப் பூட்டினாள்.

ஐப்பசி பிறந்த அளவில், ஒருநாள் பின்னேரம் மகள் மீனாவைக் காணவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவளின் செருப்பு முற்றத்தில் இல்லை, நாயும் இல்லை. கனகாம்பிகை யாரிடமும் கேட்கவில்லை. நேரே தரவைக்கு ஓடினாள். வடக்கே ஷெல் விழுகிற சத்தம் அதிர்ந்துகொண்டிருந்தது. மழை இருட்டு வெளியில் இறங்கியிருந்தது. அந்த வடலிக் கூட்டத்தடியில், அவர் கிடந்த அதே இடத்தில், பிள்ளை கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். துடியன் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தது. பட்டியை விட்டு ஆடு வெளியே போகாமல் பார்க்கிற நடை.

மீனாவின் தலைமயிரில் சுருட்டு மணத்தது.

"அப்பா உங்களைத்தான் கேட்டவர் அம்மா," என்றாள் பிள்ளை. நித்திரையில் கதைப்பவள் போல, கண் இமைக்காமல். "அண்டைக்கு ஏன் வரேல்லை எண்டு கேக்கிறார். நீங்கள் வரமாட்டியள் எண்டுதான் துடியன் என்னைக் கொண்டு வந்தது."

அப்போதுதான் கனகாம்பிகைக்கு எல்லாம் விளங்கியது. அன்று அந்த வடலியடியில், கால் எரிய எரிய, சோமசேகரம் நாயிடம் சொன்ன கடைசிச் சொல் என்னவாக இருந்திருக்கும். அவளைக் கொண்டு வா. வேறென்ன சொல்லியிருப்பார். நாய் கொண்டுபோக வந்தது, அவள் கட்டிவைத்தாள். முதலில் அது அவரை அவளிடம் கொண்டுவந்து பார்த்தது. அவள் முகம் கொடுக்கவில்லை. இப்போது அவளுக்குப் பதில் பிள்ளையைக் கொண்டுபோகிறது. எப்படியாவது அந்த வேலை முடிய வேண்டும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். அன்றிரவே மீனாவுக்குக் காய்ச்சல் கண்டது. கஞ்சி இறங்கவில்லை. பொழுது பட்டால் எழும்பி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மக்டலீன் செபமாலையோடு பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, "இந்த வீட்டை விட்டுப் போங்கோ, பிள்ளை இல்லாமல் போயிடும்," என்று தாயின் காதுக்குள் சொன்னாள். போக எங்கே இடம் என்று கனகாம்பிகை யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஊருக்கே போகச் சொல்லி வந்தது.

ஐப்பசி கடைசியில் ஒரு பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் தெருத்தெருவாக வந்தது. ஆமி வருகிறது, எல்லாரும் உடனே வெளிக்கிடுங்கள் என்றது. வலிகாமம் முழுக்கக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு எழும்பியது. கனகாம்பிகை சைக்கிளில் ஒரு மூட்டையைக் கட்டினாள். பட்டியைத் திறந்து ஆடுகளை விட்டாள். முத்துக்குமாரு மீனாவைத் தோளில் தூக்கினார்.

துடியன் சும்மா இருக்குமா. இத்தனை பேர் ஒரே நேரத்தில் கலைந்தால் அதற்குப் பைத்தியம் பிடிக்காதா. படலைக்கும் வீட்டுக்குமாக ஓடி, எல்லாரையும் ஒன்றாக்கப் பார்த்தது.

அவள் கயிற்றை எடுத்தாள்.

இந்தமுறை கை வந்தது. பலாமரத்தில், பட்டை உரசிய அதே இடத்தில் கட்டினாள். நாய் இல்லாவிட்டால் அவருக்கு வழி தெரியாது என்பது அவளுடைய கணக்கு. ஒரு சட்டி சோறும் தண்ணீரும் வைத்தாள். முத்துக்குமாரு திடுக்கிட்டுப் பார்த்தார்.

"என்ன பிள்ளை செய்யிறாய். வாயில்லாச் சீவன். அவிட்டாவது விடு."

அவள் முடிச்சை இறுக்கினாள். வழக்கமாக யார் வீட்டை விட்டு வெளிக்கிட்டாலும், இருப்பவர்களிடம் போட்டு வாறன், அதாவது போய்வருகிறேன், என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். போகிறேன் என்று மொட்டையாகச் சொல்வது கூடாது. கனகாம்பிகை படலையடியில் நின்று, நடு அறை இருட்டைப் பார்த்து, வேண்டுமென்றே ஒரு சொல் சொன்னாள்.

"போறன்."

ஊளை கோப்பாய்ச் சந்தி வரைக்கும் கேட்டது. பிறகு மழையும் சனத்தின் இரைச்சலும் அதை மூடிவிட்டன. கைதடிப் பாலத்துக்குப் போகிற வழி அந்தத் தரவையை ஒட்டித்தான் போகிறது. ஆயிரமாயிரம் சனம், ஒரு அடி வைத்தால் மறு அடிக்குக் காத்திருக்க வேண்டும். வடலிக் கூட்டம் எந்தப் பக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்தாள்.

மீசாலையில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. நாலு பாய் விரிக்கிற அகலத்தில், கூட வந்த மக்டலீனையும் சேர்த்து மூன்று குடும்பம். ஆனாலும் மீனாவுக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி குடித்தாள், பிறகு சோறு கேட்டாள். ஒருநாள் அடுத்த பாய்ப் பிள்ளைகளோடு கெந்தித் தொட்டு விளையாடிச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட கனகாம்பிகை, சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊரே வீடு வாசல் இழந்து அழுகிற நேரத்தில் தன் நெஞ்சு மட்டும் லேசாக இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கட்டிவிட்டு வந்த நாயின் முகம் சாப்பிடும்போது ஞாபகம் வரும். அப்போது மட்டும் சோற்றை ஒதுக்கி வைப்பாள்.

உரும்பிராயில் இப்போது குஞ்சு குருமான்கூட இல்லை என்று கடைசியாக வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்ட அன்று அவள் நன்றாக நித்திரை கொண்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. கிணற்றடியில் வரிசையில் நின்று தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவள், விறாந்தைப் படியில் கால் வைக்கப்போய் நின்றுவிட்டாள்.

படியடியில் நூற்றுக்கணக்கான செருப்புகள் இறைந்து கிடந்தன. அவற்றிலிருந்து பிரித்து, ஓரமாக, ஒரு சிறிய குவியல்.

மீனாவின் செருப்பு. கனகாம்பிகையின் நல்ல செருப்பு, காலையில் கழற்றி வைத்தது.

அவற்றின் மேல் இன்னொன்று. ஒற்றைக் கால். ஆண் செருப்பு. வாரைக் கம்பியால் கட்டியிருந்தது. சேறு காயவில்லை.

வாளி கையை விட்டுப் போனதை அவள் உணரவில்லை. பள்ளிக்கூட வாசலில் துடியன் நின்றது. எலும்பும் தோலுமாக, கழுத்தில் கடித்து அறுத்த கயிற்றுத் துண்டு தொங்க நின்றது. அது அவளிடம் ஓடி வரவில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிப் போனது. பிறகு, தலையைத் தாழ்த்தி, நின்று நின்று, எதன் பின்னாலோ மெல்ல உள்ளே வந்தது. அவ்வளவு சனத்துக்குள்ளும் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாய் வருகிற வழியில் இருந்தவர்கள் மட்டும், என்னவென்று தெரியாமலே, கால்களை மடக்கி வழிவிட்டார்கள்.

இழுத்து இழுத்து வைக்கிற சத்தம் விறாந்தைப் படியடியில் நின்றது.

விறாந்தையில் மீனா விளையாட்டை நிறுத்திவிட்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல், வாசலைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழும்பினாள்.

கனகாம்பிகை ஓடிப்போய் அவளைப் பிடித்து மக்டலீனின் மடியில் இருத்தினாள். விடாதே என்று மட்டும் சொன்னாள். மக்டலீன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

படியால் இறங்கியபோது துடியன் வந்து அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தது.

அவள் உதறவில்லை.

நாய் இழுத்த பக்கம் நடந்தாள். மைதானத்தைக் கடந்து, வேலி ஓரத்தில் நின்ற வடலிக் கூட்டம் வரைக்கும் அது அவளைக் கொண்டுபோனது. அங்கே அந்த வாசம் எழுந்தது. சுருட்டு, ஆடு, அதற்கடியில் மற்றது. பொழுது நன்றாகப் பட்டுவிட்டது. அவள் ஈர மண்ணில் இருந்தாள். இத்தனை மாதமும் நெஞ்சுக்குள் கட்டிவைத்ததை, இருட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் அண்டைக்கு நாயைக் கட்டினனான். இண்டைக்கு வந்திட்டன். பிள்ளையை விடுங்கோ."

 பின்னால் விறாந்தையில் யாரோ குழந்தையைத் தாலாட்டுகிற சத்தம் கேட்டது.

பிறகு, அவளுடைய காதுக்குப் பக்கத்தில், களைத்துப்போன ஒரு ஆண் குரல்.

"காணும்."

துடியன் சேலையை விட்டது. நின்ற இடத்திலேயே தொப்பென்று விழுந்து, முன்னங்கால்களின் மேல் முகத்தை வைத்து, ஒரு நீண்ட மூச்சு விட்டுக் கண்ணை மூடியது. நிமிர்ந்த காதும் மடிந்துபோனது. மாசி மாதத்துக்குப் பிறகு அது நித்திரை கொண்டது அப்போதுதான்.

கனகாம்பிகை எழும்பப் பார்த்தாள். விறாந்தையில் மீனா அம்மா என்று கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. பழைய குரல், காய்ச்சல் இல்லாத குரல். அவளுக்கு அதற்கு ஓம் என்று பதில் குரல் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

எழும்ப முடியவில்லை. நாய் காலடியில் வாயை மூடிக்கொண்டு ஆழ்ந்து நித்திரை கொண்டது. அவளுடைய சேலைத் தலைப்பு மட்டும், பக்கத்து இருட்டுக்குள், இன்னும் இறுக இழுபட்டபடியே நின்றது.